ஒரு ஃபங்ஷன், ஐந்து விடைகள்: டூப்பிளா, டிக்ஷனரியா, டேட்டாகிளாஸா?

பைத்தானில் சின்னச் சின்ன பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதத் தொடங்கியவர்கள் சீக்கிரமே ஒரு இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒரு ஃபங்ஷன் நான்கைந்து மதிப்புகளைத் திருப்பித் தர வேண்டும். கமா போட்டு அப்படியே டூப்பிளாக (வரிசையாக அடுக்கிய மதிப்புகளாக) தருவதா, பெயருக்கு நேராக மதிப்பு வைக்கும் டிக்ஷனரியில் போட்டுத் தருவதா, பெயருள்ள டூப்பிளா (நேம்ட்டூப்பிள்), ஃபீல்டுகளை அறிவித்து எழுதும் டேட்டாகிளாஸா, அல்லது ஒரு காலி கிளாஸ் எழுதி அதில் எல்லாவற்றையும் தொங்கவிடுவதா? புதுச்சேரி, கடலூர் பக்கம் கல்லூரி முடித்துவிட்டுக் கடைகளுக்கு மென்பொருள் செய்து தரும் வாசகர்கள் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "எதைப் போட்டாலும் ஓடுகிறதே, அப்புறம் என்ன?" என்பது கூடவே வரும் கேள்வி.

ஓடும், உண்மைதான். பைத்தானைப் பொறுத்தவரை ஒரு ஃபங்ஷன் எப்போதும் ஒரே ஒரு பொருளைத்தான் திருப்பித் தருகிறது. கமா போட்டு ஐந்தைத் தந்தாலும் அது ஐந்து உறுப்புள்ள ஒரு டூப்பிள். ஆகவே கேள்வி "எத்தனை தருவது" என்பதல்ல, அந்த ஒரு பொருள் எந்த வகையாக இருக்க வேண்டும் என்பதுதான். வித்தியாசம் எழுதும் அன்றைக்குத் தெரியாது. கடைக்காரர் போன் செய்து "தம்பி, பில்லில் இன்னொரு வரி சேர்க்கணும்" என்று சொல்லும் அன்றைக்குத் தெரியும்.

## எடுத்துக்காட்டாக ஒரு குழாய்க் கடை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிவிசி குழாய் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய் சரக்கு, வரி 18 சதவீதம். வண்டி நெல்லிக்குப்பத்துக்குப் போனால் மாநிலத்துக்குள் விற்பனை: சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 900, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 900. அதே வண்டி முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியின் அரியாங்குப்பத்துக்கு டெலிவரி கொடுக்கப் போனால் மாநிலம் தாண்டிய விற்பனை: ஐஜிஎஸ்டி 1,800. இரண்டு இடத்திலும் மொத்தம் 11,800தான், பிரிவுதான் வேறு.

புதுச்சேரி யூனியன் பிரதேசம்தானே, அங்கே யூடிஜிஎஸ்டி (யூனியன் பிரதேச வரி) வராதா என்று சிலர் குழம்புவார்கள். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் ஜிஎஸ்டி கணக்கில் புதுச்சேரி ஒரு மாநிலம் போலத்தான். உள்ளூர் விற்பனைக்கு அங்கேயும் எஸ்ஜிஎஸ்டிதான். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி. பாகூர் பக்கம் போனால் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று நமக்கே சந்தேகம் வரும். அதனால் இந்த ஊர்க் கடைகளில் வரிக் கணக்கு ஃபங்ஷன் ஒப்புக்கு எழுதப்படுவது இல்லை. தினமும் இரண்டு கிளையிலும் ஓடும்.

அந்த ஃபங்ஷன் தர வேண்டியவை: மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, மொத்தம். பைத்தான் 3-ல் மாறிகளுக்கும் ஃபங்ஷன்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால் கீழே வரும் வரிகளைத் தமிழிலேயே தருகிறேன். (பணத்துக்கு ஃப்ளோட், அதாவது தசம எண்ணைத் தோராயமாக வைக்கும் வகை, வேண்டாம். டெசிமல் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். இங்கே புரிவதற்காக ரூபாய் எண்கள்.)

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், ஃபங்ஷனை அழைக்கும் இடத்தில் படித்தால் புரிகிறதா என்பது. ஃபங்ஷனை எழுதியவர் ஒருவர். அதன் விடையைப் படிப்பவர்கள் பலர். அதில் ஒருவர் அடுத்த வருடத்து நீங்கள்.

இரண்டாவது, நாளைக்கு ஒரு மதிப்பு கூடினால் எத்தனை இடம் உடையும். என் பார்வையில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வரி விதி மாறும், ரவுண்ட் ஆஃப் கேட்பார்கள், வண்டி வாடகை சேரும். மாறாத பில் எதையும் நான் பார்த்ததில்லை.

மூன்றாவது, பெயரில் ஒரு எழுத்து தப்பினால் சத்தம் போடுமா, பேசாமல் இருந்துவிடுமா. நான்காவது, விடையை வாங்கியவர் அதை இஷ்டத்துக்கு மாற்ற முடியுமா. ஐந்தாவது, ஜேசன், சிஎஸ்வி போன்ற தரவு வடிவங்களில் வெளியே அனுப்புவது எவ்வளவு சுலபம். கடைசியாக, முதல் நாள் எழுதும் சிரமம். இதற்குத்தான் எல்லாரும் அதிக மதிப்பெண் கொடுக்கிறார்கள். நான் மிகக் குறைவாகக் கொடுக்கிறேன். ஆறு வரி கூட எழுதுவது ஒரு வேலையே இல்லை.

வேகத்தை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஒரு கடையில் ஒரு நாளைக்குப் போடும் பில்களுக்கு இந்த ஐந்தில் எதை எடுத்தாலும் கடிகாரத்தில் வித்தியாசம் தெரியாது. லட்சக்கணக்கான வரிசைகளை ஒரே நேரத்தில் நினைவகத்தில் வைக்கும்போதுதான் அந்தப் பேச்சு. அதைப் பிறகு ஒரு வார்த்தையில் சொல்கிறேன்.

## சாதா டூப்பிள்

```
மதிப்பு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி, மொத்தம் = வரி_கணக்கு(10000, "33")
```

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு மதிப்பு, அதுவும் எது முதலில் எது பின்னால் என்று யாருக்கும் சந்தேகம் வராத இரண்டு மதிப்பு என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. பைத்தானின் டிவ்மாட் ஈவும் மீதியும் தருகிறது. அதற்கு யாரும் கிளாஸ் கேட்டதில்லை.

சிக்கல் மூன்றாவது மதிப்பில் தொடங்குகிறது. மேலே உள்ள வரியில் எஸ்ஜிஎஸ்டியும் ஐஜிஎஸ்டியும் இடம் மாறி எழுதப்பட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். கடலூர் பில்லில் ஐஜிஎஸ்டி 900, எஸ்ஜிஎஸ்டி 0 என்று விழும். மொத்தம் 11,800 சரியாகவே வரும். வாடிக்கையாளர் கொடுக்கும் பணம் சரி, கல்லாவில் இருப்பதும் சரி. ஆடிட்டர் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தயாரிக்க உட்காரும்போதுதான் வெடிக்கும். சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் தங்களுக்குள் இடம் மாறினால் ஒன்றும் கெடாது, இரண்டும் எப்போதும் சமம். அந்த அதிர்ஷ்டம் மற்ற ஜோடிகளுக்கு இல்லை. மைபை மாதிரி வகை சரிபார்க்கும் கருவியும் இதில் கைகொடுக்காது. அதன் கண்ணுக்கு ஐந்தும் எண்கள்தான்.

இப்போது ரவுண்ட் ஆஃப் சேர்க்கச் சொல்கிறார்கள். ஆறாவது மதிப்பு வந்ததும், ஐந்து பெயர் போட்டுப் பிரித்து வாங்கிய எல்லா இடமும் உடையும். அது பரவாயில்லை, சத்தமாக உடைகிறது. `விடை[4]` என்று எண் போட்டு எடுத்த இடங்கள்தான் ஆபத்து. ரவுண்ட் ஆஃபை மொத்தத்துக்கு முன்னால் நுழைத்தால் அவை எந்தப் புகாரும் இல்லாமல் மொத்தத்துக்குப் பதில் சில பைசாவை எடுத்துக்கொண்டு போய்விடும்.

இது கடைக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும் வம்பு அல்ல. பைத்தானின் இன்ஸ்பெக்ட் மாட்யூலில் கெட்ஆர்க்ஸ்பெக் என்று ஒரு ஃபங்ஷன் இருந்தது. வேறொரு ஃபங்ஷன் என்னென்ன அளவுரு வாங்கும் என்பதை நான்கு மதிப்பாகத் தரும். பைத்தான் 3-ல் புதிய வகை அளவுருக்களும் அனோட்டேஷனும் (அளவுருவோடு எழுதும் குறிப்பு) வந்தன. அவற்றுக்கு அந்த நான்கில் இடமில்லை. ஐந்தாவதைச் சேர்த்தால் உலகம் முழுவதும் நான்காகப் பிரித்து வாங்கியவர்களின் நிரல் உடையும். கடைசியில் ஏழு மதிப்பு தரும் கெட்ஃபுல்ஆர்க்ஸ்பெக் என்று வேறொரு ஃபங்ஷனே எழுத வேண்டி வந்தது. பழையது பல வருடம் ஒப்புக்கு இருந்துவிட்டு 2022-ல் வந்த 3.11-ல் நீக்கப்பட்டது. நடுவில் அதன் விடைக்குப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். அதனால் படிக்கச் சுலபமானதே தவிர, எண்ணிக்கைச் சிக்கல் தீரவில்லை. பெயருள்ள டூப்பிள் பற்றிய பகுதிக்கு வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## டிக்ஷனரி

```
விடை = வரி_கணக்கு(10000, "34")
விடை["ஐஜிஎஸ்டி"]
```

டூப்பிளால் சூடு பட்டவர்கள் அடுத்து ஓடி வரும் இடம் இது. பெயர் இருக்கிறது. ஃபீல்டு கூடினால் பழைய இடம் எதுவும் உடையாது. ஜேசனாக்குவது ஒரே வரி. 3.7-லிருந்து, போட்ட வரிசையிலேயே இருக்கும் என்ற உத்தரவாதமும் உண்டு.

ஆனால் அந்தப் பெயர்கள் வெறும் சரங்கள். கீயில் ஒரு எழுத்து தப்பினால் அந்த வரி ஓடும்போதுதான் கீ எரர் வரும். அதற்கு முன் எடிட்டரோ வேறு கருவியோ எச்சரிக்காது. அதைவிட மோசம் கெட் மெத்தட். இல்லாத கீயைக் கேட்டாலும் அது ஒன்றும் இல்லை என்ற மதிப்பைத் தந்துவிட்டு நகர்ந்துவிடும். "இல்லையென்றால் 0 எடுத்துக்கொள்" என்று வேறு பலர் எழுதி வைப்பார்கள். வரிக் கணக்கில் தவறான 0-வை விடப் பெரிய பொய் கிடையாது.

தமிழில் கீ வைப்பவர்களுக்கு இன்னொரு குழி தனியாக இருக்கிறது. எக்செல் தலைப்பிலிருந்து கீயை எடுத்தால் இது கட்டாயம் ஒரு நாள் வரும். "மொத்தம்" என்பதில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே எழுத்துக் குறியாக, அல்லது முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு துண்டாக. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். டிக்ஷனரிக்கு அவை இரண்டு வெவ்வேறு கீ. ஒரு கோப்பு ஒரு மாதிரி, இன்னொன்று வேறு மாதிரி வந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாத கீ எரர் கிடைக்கும். `விடை.மொத்தம்` என்று புள்ளி வைத்து எழுதும் பெயருக்கு இந்தத் தொல்லை இல்லை; நிரலில் எழுதும் பெயர்களைப் பைத்தான் படிக்கும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சரங்களை அது தொடுவதில்லை. தமிழ்க் கீயோடு வேலை செய்தே ஆக வேண்டும் என்றால், உள்ளே வரும் சரங்களை யுனிகோட்டேட்டா மாட்யூல் வைத்து ஒரே வடிவுக்கு மாற்றிய பிறகு மட்டும் உள்ளே விடுங்கள்.

2019-ல் வந்த 3.8-ல் டைப்டுடிக்ட் சேர்ந்தது. எந்தக் கீ, எந்த வகை என்று முன்பே அறிவித்துவிடலாம். மைபை எழுத்துப்பிழையைப் பிடிக்கும். மைபை ஓட்டாதவருக்கு அதனால் பயன் இல்லை. ஓடும் நேரத்தில் அது சாதா டிக்ஷனரியேதான், யாரும் எதையும் போடலாம், அழிக்கலாம்.

ஒரு வாதத்தை மட்டும் இங்கேயே தள்ளிவிடுகிறேன். "பில் டெம்ப்ளேட்டுக்கு டிக்ஷனரிதான் வசதி" என்பார்கள். பைத்தானில் பரவலாகப் பயன்படும் ஜின்ஜாவிலும் ஜாங்கோ டெம்ப்ளேட்டிலும் புள்ளி வைத்து எழுதினால் கீயும் கிடைக்கும், அட்ரிபியூட்டும் (ஒரு பொருளோடு ஒட்டியிருக்கும் பெயர்) கிடைக்கும். அந்தக் காரணத்துக்காக டிக்ஷனரி வேண்டியதில்லை.

## காலி கிளாஸ்: மஞ்சப்பை

பெயரும் வேண்டும், அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் வேண்டாம் என்றவர்கள் பல வருடங்களுக்கு முன்பே ஒரு குட்டி கிளாஸ் எழுதிக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கொடுக்கும் எல்லாவற்றையும் வாங்கித் தன் அட்ரிபியூட்டாக வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மூன்று வரியில் முடிந்துவிடும். பைத்தான்காரர்கள் இதைப் பஞ்ச் என்பார்கள். நம் ஊர் மஞ்சப்பை மாதிரிதான்: கையில் கிடைத்ததைப் போடலாம், என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியிருக்காது.

```
விடை = பை(மதிப்பு=10000, சிஜிஎஸ்டி=0, எஸ்ஜிஎஸ்டி=0, ஐஜிஎஸ்டி=1800, மொத்தம்=11800)
விடை.ஐஜிஎஸ்டி
```

இன்றைக்கு அந்த மூன்று வரியும் எழுத வேண்டாம். 2012-ல் வந்த 3.3-லிருந்து டைப்ஸ் மாட்யூலில் சிம்பிள்நேம்ஸ்பேஸ் இருக்கிறது. அச்சிட்டால் உள்ளே இருப்பதைக் காட்டும், இரண்டு பை சமமா என்று ஒப்பிடவும் செய்யும். கையால் எழுதிய மூன்று வரி கிளாஸ் இந்த இரண்டையும் செய்யாது. கட்டளை வரியைப் படிக்கும் ஆர்க்பார்ஸ் மாட்யூல் தரும் நேம்ஸ்பேஸ் இதே சாதிதான். சைக்கிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் நூலகம் பழகியவர்கள் லோட்_ஐரிஸ் அழைத்தால் வருவது என்ன என்று பாருங்கள்: பஞ்ச் என்ற பெயரிலேயே ஒன்று வரும். அது டிக்ஷனரி ஆனாலும் புள்ளி வைத்து எடுக்கலாம்.

இதை நான் வெறுக்கவில்லை. நோட்புக்கில் ஏதாவது சோதித்துப் பார்க்கும்போது, டெஸ்ட் எழுதும்போது போலிப் பொருள் ஒன்று தேவைப்பட்டால், ஃபீல்டுகள் என்னென்ன என்று நமக்கே இன்னும் முடிவாகாத முதல் நாளில் இதைவிட வேகமானது இல்லை.

கடைக்குக் கொடுக்கும் நிரலில் வேண்டாம் என்கிறேன். படிக்கும்போது எழுத்துப்பிழை இருந்தால் அட்ரிபியூட் எரர் வரும், சரி. எழுதும்போது பிழை இருந்தால்? `விடை.மொததம் = 11800` என்று ஒரு புள்ளியை விட்டு எழுதினால், அந்தப் பெயரில் புதிதாக ஒன்று முளைத்துவிடும். பழைய மொத்தம் பழைய மதிப்போடு அப்படியே இருக்கும். எடிட்டரில் புள்ளி வைத்தால் பரிந்துரை எதுவும் வராது, மைபைக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் "இந்த விடையில் என்னென்ன இருக்கும்?" என்று கேட்டால் ஃபங்ஷனின் உள்ளே போய்ப் படிப்பதைத் தவிர வழி இல்லை. டிக்ஷனரியின் குறைகள் பாதி இங்கேயும் இருக்கின்றன. அதன் பெரிய பலமான ஜேசன் வசதி போய்விட்டது.

## பெயருள்ள டூப்பிள்

நேம்ட்டூப்பிள் 2008-ல், 2.6 பதிப்பில் வந்தது. ரேமண்ட் ஹெட்டிங்கர் எழுதியது. 2016-ல் 3.6-லிருந்து டைப்பிங் மாட்யூல் வழியாக கிளாஸ் மாதிரியே வகைகளோடு எழுதலாம். புதிதாக எழுதுபவர்கள் அந்த வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டு பெயர்களைச் சரமாகக் கொடுக்கும் பழைய வடிவத்தில், மேலே சொன்ன ஒகரக் குறித் தொல்லை மறுபடி உள்ளே வரலாம்.

இதன் பெரிய பலம், பழையவர்கள் யாரையும் தொந்தரவு செய்யாது. ஏற்கெனவே ஐந்தாகப் பிரித்து வாங்கும் இடங்கள் அப்படியே ஓடும். புதிதாக எழுதும் இடங்களில் `விடை.மொத்தம்` எழுதலாம். நிலையான நூலகத்தில் யூஆர்எல்பார்ஸ் தரும் விடையும், ஷட்டில் மாட்யூலின் டிஸ்க்_யூசேஜ் தரும் மொத்தம், பயன்பட்டது, மீதி என்ற மூன்றும் இந்த வகைதான். மாற்ற முடியாது, நினைவகமும் குறைவு.

மறைந்திருக்கும் செலவு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகிறது: இது உள்ளுக்குள் டூப்பிள்தான், நீங்கள் கேட்காவிட்டாலும் டூப்பிள் செய்வதெல்லாம் செய்யும். இரண்டு பில் விடைகளைக் கூட்டினால் தொகை கூடாது, பத்து உறுப்புள்ள ஒரு நீள டூப்பிள் கிடைக்கும், பிழையும் வராது. பில்லுக்கு ஒரு வகை, சரக்குத் திரும்பி வந்ததற்கு இன்னொரு வகை என்று தனித்தனியாக வைத்தாலும், உள்ளே எண்கள் ஒன்றாக இருந்தால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடும். ஜேசனாக்கினால் பெயர்கள் எல்லாம் உதிர்ந்து வெறும் பட்டியலாகப் போகும்; முதலில் அதன் ஆஸ்டிக்ட் மெத்தடைக் கூப்பிட மறந்தவர்கள் வாங்கும் பக்கத்தில்தான் அதைக் கண்டுபிடிப்பார்கள்.

ரவுண்ட் ஆஃப்? கெட்ஆர்க்ஸ்பெக் கதைதான். பெயர் வைத்த பிறகும் பிரித்து வாங்கியவர்கள் உடைவார்கள். இந்தச் சிக்கலோடு பைத்தான் எப்படிக் குடும்பம் நடத்துகிறது என்பதற்கு ஓஎஸ் மாட்யூலின் ஸ்டாட் நல்ல சாட்சி. எண் போட்டு எடுத்தால் பத்து மதிப்புதான். பின்னால் சேர்ந்த நானோ வினாடி நேரம் போன்றவற்றைப் பெயர் சொல்லி மட்டுமே எடுக்கலாம். பத்து என்ற எண்ணைத் தொட அவர்களுக்கே தைரியம் இல்லை.

## டேட்டாகிளாஸ்

2018-ல், 3.7-ல் வந்தது, எரிக் ஸ்மித் முன்வைத்தது. அதற்கு முன்பே ஆட்டர்ஸ் என்ற நூலகம் இந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தது, இப்போதும் செய்கிறது. ஃபீல்டு பெயரையும் வகையையும் எழுதி மேலே ஒரு டெக்கரேட்டர் (@ குறியோடு தொடங்கும் வரி) வைத்தால் உருவாக்குவது, அச்சிடுவது, ஒப்பிடுவது எல்லாம் தானாக வரும்.

ரவுண்ட் ஆஃப் பிரச்சினைக்கு நேரான விடை இதுதான், ஏனென்றால் இதைப் பிரித்து வாங்கவே முடியாது. கமா போட்டு ஐந்து மாறியில் வாங்க முயன்றால் அங்கேயே பிழை. குறை மாதிரித் தெரியும். ஆனால் எல்லாரும் பெயர் சொல்லித்தான் எடுக்க வேண்டும் என்றால், ஆறாவது பெயர் வந்தாலும் ஏழாவது வந்தாலும் யாருடைய நிரலும் அசையாது. வேறு வகையோடு ஒப்பிட்டால் சமம் என்று பொய் சொல்லாது. கூட்டச் சொன்னால் முடியாது என்று சொல்லும்.

விடையாகத் திருப்பித் தருவதற்கு ஃப்ரோசன் என்ற அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கியவர் எந்த ஃபீல்டையும் மாற்ற முடியாது, தப்பான பெயரில் புதிதாக முளைக்கவும் முடியாது. 2021-ல் வந்த 3.10-லிருந்து இன்னும் இரண்டு கிடைக்கின்றன. பெயர் சொல்லித்தான் உருவாக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது ஒன்று. ஃபங்ஷனுக்கு உள்ளேயே எஸ்ஜிஎஸ்டி, ஐஜிஎஸ்டி இடம் மாறுவதை அது தடுக்கும். இன்னொன்று ஸ்லாட்ஸ்: லட்சக்கணக்கில் பொருள்கள் உருவாக்கும்போது நினைவகம் மிச்சமாகும். நேம்ட்டூப்பிளுக்கு இருந்த நினைவக மேன்மை இதோடு பெருமளவு போய்விட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. மொத்தம் என்பது ஒரு ஃபீல்டாகவே இருக்க வேண்டியதில்லை. மற்ற நான்கைக் கூட்டித் தரும் ப்ராப்பர்ட்டியாக வைத்துவிடலாம். அழைப்பவருக்கு `விடை.மொத்தம்` அதே மாதிரிதான் தெரியும், ஆனால் வரியும் மொத்தமும் ஒன்றோடொன்று முரண்படும் வாய்ப்பே போய்விடும். (கிளாஸ் வடிவ நேம்ட்டூப்பிளிலும் இதைச் செய்யலாம். செய்பவர்களை அதிகம் பார்த்ததில்லை.)

இதற்கும் செலவு உண்டு. ஜேசனுக்கு நேராகக் கொடுத்தால் மறுத்துவிடும், ஆஸ்டிக்ட் ஃபங்ஷன் வழியாகப் போக வேண்டும். அந்த ஆஸ்டிக்ட் ஃபீல்டுகளை மட்டும்தான் எடுக்கும்; ப்ராப்பர்ட்டியாக வைத்த மொத்தம் ஜேசனில் வராது. மேலே நான் புகழ்ந்த அதே உத்தி இங்கே காலை வாரும். வெளியே அனுப்ப ஒரு சின்ன மெத்தட் நீங்களே எழுதிவிடுவது நல்லது. உள்ளே பட்டியல்கள் பெரிதாக இருந்தால் ஆஸ்டிக்ட் எல்லாவற்றையும் ஆழம் வரை நகலெடுக்கும், அது மெதுவானது. ஃப்ரோசன் என்பதும் மேலோட்டமான பூட்டுதான்: ஒரு ஃபீல்டில் பட்டியல் இருந்தால் அந்தப் பட்டியலுக்குள் யாரும் ஒன்றைச் சேர்க்கலாம். பட்டியலுக்குப் பதில் டூப்பிள் வைத்தால் தீரும்.

## ஒரே பார்வையில்

| வழி | அழைக்கும் இடத்தில் | புது ஃபீல்டு வந்தால் | பெயரில் பிழை | ஜேசனுக்கு |
|---|---|---|---|---|
| டூப்பிள் | வரிசை நினைவிருக்க வேண்டும் | பிரித்து வாங்கிய இடம் உடையும். எண் போட்ட இடம் சத்தமின்றித் தவறும் | பெயரே இல்லை | பட்டியலாகப் போகும் |
| டிக்ஷனரி | கீ தெரிந்தால் சரி | எதுவும் உடையாது | ஓடும்போது பிழை. கெட் என்றால் அமைதி | நேராக |
| சிம்பிள்நேம்ஸ்பேஸ் | படிக்கச் சுலபம் | எதுவும் உடையாது | படித்தால் பிழை; எழுதினால் அமைதி | மாற்றித் தர வேண்டும் |
| நேம்ட்டூப்பிள் | படிக்கச் சுலபம் | பிரித்து வாங்கிய இடம் உடையும் | எடிட்டரே காட்டும் | பெயர்கள் உதிரும் |
| டேட்டாகிளாஸ், ஃப்ரோசன் | படிக்கச் சுலபம் | எதுவும் உடையாது | எடிட்டரே காட்டும் | ஆஸ்டிக்ட் வழியாக |

## யாருக்கு எது

விடை இரண்டே மதிப்பு, அதே கோப்புக்குள்ளேயே அழைக்கப்படுகிறது என்றால் டூப்பிள் போதும். அதற்கு டேட்டாகிளாஸ் எழுதினால் வீண் சடங்கு.

வெளியிலிருந்து வந்த ஜேசனைக் கொஞ்சம் மாற்றி வெளியே அனுப்புவதுதான் ஃபங்ஷனின் வேலை என்றால், டைப்டுடிக்ட் போட்டு டிக்ஷனரியாகவே விடுங்கள். ஃபீல்டுகளின் பெயரே முன்கூட்டித் தெரியாது, எக்செல்லில் என்ன தலைப்பு வருகிறதோ அதுதான் என்றாலும் டிக்ஷனரிதான். அங்கே கிளாஸ் எழுத எதுவும் இல்லை.

ஏற்கெனவே பல இடத்தில் டூப்பிளாகப் பிரித்து வாங்கும் பழைய நிரல் கையில் வந்து சேர்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட முடியாது: இதற்கு நேம்ட்டூப்பிளைவிடப் பொருத்தமானது இல்லை. அட்சரேகை தீர்க்கரேகை மாதிரி உறுப்புகளின் எண்ணிக்கை இனி மாறவே மாறாது என்ற பொருள்களுக்கும் இது சரி. பில் அந்தச் சாதி இல்லை.

மூன்றுக்கு மேல் மதிப்பு, வேறு கோப்புகளிலிருந்து அழைக்கப்படுகிறது, அடுத்த வருடமும் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் ஃப்ரோசன் டேட்டாகிளாஸ். குழாய்க் கடை வரிக் கணக்குக்கு என் தேர்வு இதுதான். கடைக்காரரின் கணினியில் 3.7-க்கும் பழைய பைத்தான் இருக்கிறது என்பது மட்டும் இதற்கு எதிரான நியாயமான காரணம்.

தேர்வு செய்யும் முன் ஒன்றைப் பாருங்கள். ஃபங்ஷன் தரும் பட்டியலில் "வெற்றியா இல்லையா", "பிழைச் செய்தி" என்று இரண்டு இருந்தால், அவற்றுக்குப் பை தேட வேண்டாம். தப்பான ஜிஎஸ்டி எண் வந்தால் எக்செப்ஷன் எழுப்புங்கள். வரிக் கணக்கோடு சேர்த்து ஸ்டாக் மீதியையும் அதே ஃபங்ஷன் தருகிறது என்றால் அது இரண்டு ஃபங்ஷன். இப்படிப் பிரித்தாலே, பாதிப் பேருக்கு மிச்சம் இருப்பது இரண்டு மதிப்பாகி டூப்பிளே போதுமானதாகிவிடும்.

## டூப்பிளில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வர

முதலில் திருப்பித் தரும் இடத்தில் மட்டும் டூப்பிளை நேம்ட்டூப்பிள் ஆக்குங்கள், எதுவும் உடையாது. பிறகு அழைக்கும் இடங்களை, வேறு வேலைக்காக அந்தக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம், ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுக்கும்படி மாற்றுங்கள். எண் போட்டு எடுத்த இடங்களை முதலில் தேடிப் பிடியுங்கள், அவைதான் சத்தமில்லாமல் தவறுபவை. பிரித்து வாங்கும் இடம் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகு வகையை டேட்டாகிளாஸ் ஆக்குங்கள். தப்பித் தவறி ஒரு இடம் விடுபட்டிருந்தால் அந்த வரியை முதல் தடவை ஓட்டும்போதே பிழை காட்டிவிடும். டெஸ்ட்டில் 33-க்கு ஒரு பில், 34-க்கு ஒரு பில் என்று குறைந்தது இரண்டாவது இருக்கட்டும், மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சரிபார்க்கட்டும். ரவுண்ட் ஆஃபை அதற்குப் பிறகு சேருங்கள்.